அந்த ஒரு செவிலியர் வந்தால் மட்டும் அம்மா ஏன் அமைதியானார்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: அம்மாவுக்கு 72 வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு 2 முறை டயாலிசிஸ், இப்போது பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது, மருத்துவமனையில் இருந்த 19 நாட்களில் இரவானால் குழம்பிப்போய் மூக்குக் குழாயைப் பிடுங்கினார், எல்லாச் செவிலியர்களும் தங்கள் வேலையைச் செய்தார்கள் என்றாலும், ஒருவர் வந்தால் மட்டும் அம்மா அமைதியானார், அவர் அதிகம் பேசியதாகவோ கூடுதல் நேரம் நின்றதாகவோ உங்களுக்குத் தோன்றவில்லை. இது பிறவிக் குணமா, படித்து வருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் உங்களால் இதைச் செய்ய முடியுமா என்றும், பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்ட அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எடுத்துக்கொண்ட அதே 5 நிமிடத்தில் அவர் வேறு என்ன செய்தார் என்பதுதான் உங்களுக்குப் பிடிபடவில்லை. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். குணமா பயிற்சியா என்பது அதிலேயே பாதி விளங்கிவிடும்.

நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். பெரும்பகுதி பொது மருத்துவ வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழிந்தது. பிற்பாடு மாணவியருக்கு வார்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போயும் பார்த்தேன். மருத்துவர் அல்ல. உங்கள் அம்மாவை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே மருந்தின் அளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பவற்றை அவருடைய சிறுநீரக மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையருகில் நின்று கற்றதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்ட மூன்று விஷயங்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. அவர் எப்போதும் கட்டிலின் இடது பக்கமாக வந்து நின்றார். எதையும் தொடுவதற்கு முன் அம்மாவின் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். நீங்கள் இவற்றை அவருடைய பழக்கம் என்று நினைத்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

வலது பக்கம் விழுந்து பேச்சும் போகிறது என்றால் பெரும்பாலும் மூளையின் இடது பாதி பாதிக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கண் நன்றாக இருந்தாலும் வலது பக்கப் பார்வைப் பரப்பு தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் வந்தால், அவர்களைப் பொறுத்தவரை இல்லாத இடத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து உடம்பைத் தொடுகிறது. பயந்து கையை வீசினால் 'நோயாளி முரண்டு பிடிக்கிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். இடது பக்கம் நின்று, கண்ணாடியையும் மாட்டிவிட்டால், முதலில் முகம் தெரியும், பிறகுதான் கை. ஒன்றையும் சொல்ல வேண்டும்: பிற்பாடு மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கும்போது, மறந்துபோன பக்கத்தை மூளைக்கு நினைவூட்டுவதற்காக, விழுந்த பக்கத்திலிருந்தே பேச வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அதுவும் தவறில்லை. ஆனால் குழம்பிப் பயந்திருக்கும் ஒருவரிடம் முதல் வாரத்திலேயே அதைச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பேச்சு போனதும் புரிதலும் போய்விட்டது என்று நினைப்பது வார்டில் அன்றாடம் நடக்கும் தவறு. சிலருக்கு இரண்டும் போயிருக்கும். பலருக்குச் சொல் மட்டும் வாய்க்கு வராது, காதில் விழுவதில் பெரும்பகுதி புரியும். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் அவர்களிடம் கத்துகிறோம். தேவைப்படுவது அதுவல்ல. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஆமாம் அல்லது இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு 10 எண்ணும் வரை காத்திருப்பது. அந்த 10 நொடி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோல் தெரியும். 'அவர் அதிகம் பேசவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அதே 10 நொடியில் மேலும் மூன்று கேள்விகள் கேட்டிருப்பார்கள்.

போர்வையைத் தூக்கிப் பார்த்ததற்கு வருகிறேன். இதை நான் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றால். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் இரவுப் பணியில், பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர் ஒருவர் பத்து மணியிலிருந்து உறுமிக்கொண்டும் காலை உதைத்துக்கொண்டும் இருந்தார். மூக்குக் குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கட்டுத்துணியால் அவருடைய நல்ல கையைக் கட்டில் கம்பியில் கட்டினேன். அன்பாகத்தான் கட்டினேன்; 'கொஞ்சம் பொறுத்துக்குங்க தாத்தா, உங்க நல்லதுக்குத்தான்' என்று தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன். அதிகாலை நாலரை மணிக்குச் சுற்றி வந்த மூத்த சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். சிறுநீர்க் குழாய் தொடையின் அடியில் மாட்டி மடிந்து கிடந்தது. அடிவயிறு சட்டி கவிழ்த்ததுபோல் புடைத்திருந்தது. மடிப்பை எடுத்துவிட்டதும் பையில் இறங்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. 900 மில்லி வரை வந்தது. பெரியவர் உறுமலை நிறுத்தினார். கட்டை அவிழ்த்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்; அது நன்றியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூத்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. 'தலையத் தடவுறதுக்கு முன்னாடி வயித்தத் தொட்டுப் பாரும்மா' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பல நோய்கள் ஒன்றுசேர்ந்த ஒருவரிடம் கனிவாக இருப்பது என்றால் என்ன என்பதை அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இனிய சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவருடைய உடம்பில் என்ன நடக்கிறது என்று தேடிப் பார்க்கும் கண் இல்லாவிட்டால், இனிய சொல் நம்முடைய மனநிறைவுக்கு மட்டுமே ஆகிறது.

உங்கள் அம்மாவின் சிக்கல் இன்னும் கூடுதலானது, ஏனென்றால் அவருடைய ஒவ்வொரு நோயும் மற்றொன்றின் வைத்தியத்துக்குக் குறுக்கே நிற்கிறது. டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம், இடது கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக அதிகம் பயன்படுத்தாத கையில்தான் அதைப் போடுவார்கள். இப்போது விதிவசமாக அதுவே அவருடைய ஒரே நல்ல கை. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, இறுக்கிக் கட்டவே கூடாது. கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம், பிறகு டயாலிசிஸுக்கே வழியில்லாமல் போகும். குழாயைப் பிடுங்குகிறார் என்று அந்தக் கையைக் கட்டாமல், குழாயைக் கண்ணில் படாதபடி கன்னத்தின் பின்பக்கமாக ஒட்டி, கையில் பிடித்துக்கொள்ள ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்தார் என்று நீங்கள் எழுதிய அந்த வரியைப் படித்தபோது, அவர் யாரிடம் பயிற்சி பெற்றவர் என்று கேட்கத் தோன்றியது.

இரவுக் குழப்பத்தைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவை சில உண்டு. திடீரென்று தொடங்கி, ஒரு நாளைக்குள்ளேயே கூடியும் குறைந்தும் மாறும் குழப்பத்தை டெலிரியம் என்கிறோம். அது மறதி நோயும் அல்ல, மனநோயும் அல்ல, பெரும்பாலும் உடம்பில் ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கான அறிகுறி. கிருமித் தொற்று, வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தூக்கமின்மை, சில மருந்துகள், இவற்றில் ஒன்றோ பலவோ இருக்கும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரை. 70க்குக் கீழே இறங்கியிருந்தால் குழப்பத்துக்கு வேறு காரணம் தேடும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடம்பிலிருந்து வெளியேற அதிக நேரம் ஆகும், அதனால் வழக்கமான அளவே அவர்களுக்கு மிகையாகிவிடலாம். இரவு உணவு பாதியில் நின்றுபோன நாளில் இன்னும் ஆபத்து. கூச்சலிடும் குழப்பத்தையாவது எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும் குழப்பமும் உண்டு. 'இன்னைக்கு அமைதியா இருக்காங்க' என்று அதைக் கடந்துபோய்விடுவோம். அதுதான் மோசமானது.

இதைத் தடுக்க முடியுமா என்றால் ஓரளவு முடியும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஷாரன் இனூயி என்ற மருத்துவரின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அத்துடன் கண்ணாடியும் காது கருவியும் மாட்டிவிடுவது, நாளும் இடமும் நினைவூட்டுவது, இரவில் சத்தத்தைக் குறைத்துத் தூங்கவிடுவது, சீக்கிரம் எழுந்து நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது போன்ற எளிய காரியங்கள். டெலிரியம் வந்தவர்கள் முதல் பிரிவில் 15 சதவீதம், இரண்டாவதில் 9.9 சதவீதம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒருமுறை டெலிரியம் வந்துவிட்டால், அதன் கடுமையை இந்தக் காரியங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஆகவே அந்தச் செவிலியர் கண்ணாடி மாட்டியதால்தான் அம்மாவின் குழப்பம் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பயம் குறைந்திருக்கும் என்று சொல்வேன். அது என் அனுபவம், ஆய்வின் முடிவு அல்ல.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மொழியில் அதற்கு இருக்கும் வளத்தை நாங்களே வார்டில் வீணடிக்கிறோம். 'வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை' என்று கேட்கும்படி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிராமத்திலிருந்து வரும் ஒரு பாட்டிக்குப் பத்துக்கு எத்தனை என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. 'எப்படி இருக்கு, சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். எரியுது, குடையுது, கடுக்குது, குத்துது, இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, மதமதன்னு இருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருப்பார். சர்க்கரை நோயாளியின் பாதம் எரிவது நரம்பைச் சுட்டுகிறது. விண்விண்ணென்று தெறிப்பது சீழ் கோத்திருப்பதை. மதமதப்பு என்பது வலியே இல்லை, உணர்ச்சி போய்விட்டது, அங்கே வெந்நீர் ஒத்தடம் வைத்தால் வெந்து போனாலும் தெரியாது. உங்கள் அம்மாவைப்போல் வாய்ச்சொல்லே இல்லாதவர்களிடம் முகத்தையும் மூச்சையும்தான் படிக்க வேண்டும். மூச்சு விடும் விதம், முனகல், முகபாவம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் ஒரு முறை இருக்கிறது. மறதி நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டது அது. பக்கவாதக்காரர்களிடம் அப்படியே பொருந்தாது, முகத்தின் ஒரு பாதி அசையாதபோது முகபாவத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? அங்கேதான் வீட்டார் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். 'அம்மா வலி வந்தா உதட்ட இப்படி மடிப்பாங்க' என்று ஒரு மகள் சொன்ன ஒரே வரி, எந்த அளவுகோலையும்விட எனக்கு உதவியிருக்கிறது.

இளநீருக்கு வருகிறேன். நீங்கள் ஆசையாக வாங்கி வந்த இளநீரை ஒரு செவிலியர் கடுமையாகத் தடுத்ததாகவும், இவரோ பொறுமையாகப் பேசியதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டு பேரும் சரியானதையே செய்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நமக்கோ நோயாளி என்றால் இளநீர், வெயில் என்றால் இளநீர், வாய் கசந்தால் இளநீர். 'கொடுக்கக் கூடாது' என்று மட்டும் சொன்னால், ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு மடக்கு கொடுத்துவிடுவார்கள்; நானே பார்த்திருக்கிறேன். இவர் செய்தது, அம்மாவுக்குத் தாகம் எடுக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, மருத்துவர் அனுமதித்த தண்ணீர் அளவை ஒரு டம்ளரில் ஊற்றிக் காட்டி, மீதி நேரத்துக்கு ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடச் சொல்லிக்கொடுத்தது. தடுத்ததோடு நிற்காமல், மகனுடைய கைக்கு ஒரு வேலையையும் கொடுத்தார்.

படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். 19 நாள் படுத்திருந்த சர்க்கரை நோயாளிக்குப் புண் வரவில்லை என்பது சாதாரணமல்ல; அது ஒருவருடைய சாதனையும் அல்ல, மூன்று ஷிப்டிலும் இருந்தவர்களின் உழைப்பு. மற்றவர்கள் வேலையை மட்டும் செய்தார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதில் இந்த வேலையும் அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்கு மந்திரம்போல் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 2 என்ற எண்ணுக்குச் சான்று நான் நினைத்திருந்த அளவுக்கு உறுதியானதல்ல: அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 2 மணி, 3 மணி, 4 மணி என்று எப்படிப் புரட்டினாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தவர்கள். நம்முடைய வார்டு மெத்தையிலும் வீட்டுப் பாயிலும் படுத்திருப்பவருக்கு அந்த 4 மணியை நான் நம்ப மாட்டேன். குதிகாலை மட்டும் மறந்துவிடாதீர்கள். கெண்டைக்காலின் அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதை விட்டுவிடுங்கள், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது.

இனி, பிறவிக் குணமா பயிற்சியா. முதலாண்டு மாணவியரிடம் மனம் நிறைய இரக்கம் இருக்கும், கை நடுங்கும். நோயாளி அழுதால் தாங்களும் அழுவார்கள். நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றாம் ஆண்டில் கை தேறிவிடும், அந்த இரக்கம் எங்கேயோ ஒளிந்துகொள்ளும். இதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பிற்பாடு சிலருக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு: ஊசி குத்துவதும் குழாய் போடுவதும் யோசிக்காமல் செய்யும் அளவுக்குக் கைக்குப் பழகிவிட்ட பிறகுதான் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது, அந்தக் கண்தான் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறது. பட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1984இல், புதியவர் தேர்ந்தவராகும் பாதையை ஐந்து படிகளாகப் பிரித்து எழுதியபோது ஏறக்குறைய இதையேதான் சொன்னார். தேர்ந்தவர் விதிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, நிலைமையை முழுதாகப் பார்க்கிறார். குணத்துக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல குணம் மட்டும் கொண்ட பயிற்சியில்லாத இளம் செவிலியராக இருந்த நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதிவிட்டேன்.

கனிவுக்கு நேரம் வேண்டாமா என்பதற்கும் ஓர் ஆய்வைச் சொல்கிறார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர், மருத்துவர் நோயாளியிடம் பேசும் இரண்டு காணொளிகளைப் பெண்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் மட்டும் சுமார் 40 நொடி ஆதரவான பேச்சு கூடுதலாக இருந்தது. அதைப் பார்த்தவர்களின் பதற்றம் குறைந்தது. 40 நொடி போதும் என்று இதை மேடைகளில் எடுத்துச் சொல்வார்கள். அது காணொளி, பேசியவர் மருத்துவர், பார்த்தவர்கள் அப்போது கட்டிலில் படுத்திருந்தவர்கள் அல்லர். வார்டில் 40 நொடி போதுமா என்பது அதிலிருந்து தெரியாது. எனக்கு அந்த மேற்கோள் பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு: 40 நொடிதானே என்று சொல்லி, ஆள் பற்றாக்குறையைச் செவிலியரின் மனக்குறையாக மாற்றிவிட அது வசதியாக இருக்கிறது.

பயிற்சி மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நானும் இன்னொருவரும் சேர்ந்து 54 படுக்கையைப் பார்த்த இரவுகள் உண்டு. படுக்கைக்குக் கீழே பாயில் படுத்திருந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையில் 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுதலானால் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அதுவே காரணம் என்று அந்த வகை ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தொடர்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஐரோப்பியக் கணக்கை அப்படியே நம் வார்டுக்கு மாற்றவும் முடியாது. ஆனாலும், உங்கள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத அந்த மற்றொரு செவிலியர் அன்று எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்காமல், அவரை ஈரமில்லாதவர் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

வீட்டில் உங்களால் முடியுமா? பெரும்பகுதி முடியும், ஒரு விதத்தில் எங்களைவிட நன்றாகவே முடியும். நீங்கள் ஒருவரைத்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். மருத்துவமனையை விட்டு வரும் முன் அவருக்கு விழுங்கும் திறன் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வாயால் உண்ணலாம் என்று சொன்னால் நேராக உட்கார வைத்து, அரைத் தேக்கரண்டி அளவில், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். முடிந்ததும் வலது கன்னத்தின் உட்பக்கம் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று விரலில் துணி சுற்றித் துடைத்துப் பாருங்கள், அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். நீர்த்த தண்ணீரைவிடக் கஞ்சிப் பதத்தில் இருப்பது தொண்டையில் மெதுவாக இறங்கும் என்பதால் கெட்டியாக்கித் தரச் சொல்வார்கள். புரையேறுவதை அது குறைக்கிறது, நுரையீரல் சளிக்காய்ச்சலைக் குறைக்கிறதா என்பதில் இன்னும் தெளிவில்லை, தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் அதனால் நேர்கிறது. எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அம்மாவைத் தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள், தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கையோடு கொண்டுபோக ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதிவையுங்கள். நோய்ப் பட்டியலை அல்ல, அது கேஸ் ஷீட்டில் இருக்கும். வீட்டில் அவரை என்னவென்று கூப்பிடுவார்கள், சிறுநீர் வந்தால் எப்படிச் சைகை காட்டுவார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவார், ஆண் பணியாளர் உடை மாற்றுவது அவருக்கு ஒப்புமா, எதற்குப் பயப்படுவார். பாட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத ஒரு பெண்மணி 'டீச்சர்' என்றதும் கண் திறந்தார். 34 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்பது எங்களுக்கு ஆறாம் நாள்தான் தெரிந்தது. அந்தத் தாளை எல்லாரும் படிப்பார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். படிக்கிற ஒருவர் இருப்பார்.

கடைசியாக, நன்றி. பணத்தை மறுத்தது சரி. வற்புறுத்தாதீர்கள், இனிப்புப் பெட்டி கொண்டுபோனால் எல்லா ஷிப்டுக்கும் பொதுவாகக் கொடுங்கள். அவர் மெச்சும்படி ஏதாவது செய்ய வேண்டுமென்றால், செவிலியர் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 'அன்பாகக் கவனித்தார்' என்று எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துவிடும். இடது பக்கம் வந்து நின்றதையும், கண்ணாடியை மாட்டியதையும், ஃபிஸ்டுலா கையைக் கட்டாமல் துண்டைச் சுருட்டிக் கொடுத்ததையும், டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டியதையும் அப்படியே எழுதுங்கள். மாணவியருக்கு வகுப்பெடுப்பவர் ஒருவர் கண்ணில் பட்டால் அதையே அவர் பாடமாக எடுத்துக்கொள்வார். நாள், வார்டு, கட்டில் எண் மூன்றையும் விடாமல் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எந்த ஷிப்டில் யார் இருந்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது.